கல்முனை ஈட்டி: கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கற்கால மனிதர் வேட்டைக்குப் பயன்படுத்திய கல்முனை ஈட்டிகளையும் அம்புகளையும் அதே வகைப் பொருள்களைக் கொண்டு மீண்டும் செய்து, எறிந்தும் எய்தும் பார்த்து, கிடைத்த முடிவுகளைப் பழைய கற்களோடு ஒப்பிடுகிற பரிசோதனைத் தொல்லியலைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவையே மிகுதி என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துள்ளேன்.

கேள்வி: கம்பு மக்கிவிடும், கட்டிய கயிறும் மக்கிவிடும், மிஞ்சுவது நகத்தளவுக் கல் மட்டுமே என்கிறீர்கள். அந்தக் கல் ஈட்டியின் முனையாக இருந்ததா, தோலுரிக்கும் கத்தியாக இருந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?
— கீழக்கரையிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: பெரும்பாலும் அது உடைந்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான். தோலை உரித்த கல்லின் ஓரம் மெல்லத் தேய்ந்து மழுங்கும். வேகமாகப் போய் எலும்பில் மோதிய கல்லிலோ விசை நுனியிலிருந்து அடியை நோக்கிப் பாய்வதால், படிக்கட்டு போலச் சட்டென்று நின்றுவிடும் முறிவுகளும், முறிந்த விளிம்பிலிருந்து சிறு செதில்கள் தெறித்துப்போன தழும்புகளும் தென்படும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஃபிஷரும் அவருடைய இரு துணை ஆய்வாளர்களும், புதிதாகச் செதுக்கிய கல்முனைகளை அம்பிலும் ஈட்டியிலும் பொருத்தி, இறந்த விலங்குகளின் உடல்கள்மீது செலுத்திப் பார்த்து, எந்த மோதலில் எந்த முறிவு உண்டாகிறது என்பதை 1984-இல் வகைப்படுத்தி வெளியிட்டார்கள். அதுவரை கண் மதிப்பீடாக இருந்த ஒன்றுக்கு அளவுகோல் கிடைத்தது அப்போதுதான். இன்றைய ஆய்வாளர்களும் பெருமளவு அந்த வகைப்பாட்டையே பின்பற்றுகிறார்கள்.

ஆனால் இந்த அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தென்னாப்பிரிக்கக் கற்காலத்தை ஆராயும் ஜஸ்டின் பார்கெட்டர், கற்செதில்களைத் தரையில் பரப்பி மாடுகளை அவற்றின்மேல் நடக்கவிட்டுப் பார்த்து, 2011-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். குளம்படியில் சிக்கிய கற்களில் ஒரு சிறு பங்கு, எந்த விலங்கையும் துளைக்காமலேயே, ஈட்டி முனைக்கு உரியது என்று கருதப்பட்ட முறிவுகளைக் காட்டியது. செதுக்கும்போதே உடைந்துபோன கற்களிலும் அத்தகைய முறிவுகள் உண்டு. ஆகவே தனியொரு கல்லை எடுத்துவைத்துக்கொண்டு இது ஈட்டி முனைதான் என்று தீர்ப்புச் சொல்வது பிழை. ஓரிடத்தில் கிடைத்த கற்கள் முழுவதிலும் இவ்வகை முறிவு எத்தனை விழுக்காடு இருக்கிறது, அது மிதிபட்டு உண்டாகும் அளவைத் தெளிவாகத் தாண்டுகிறதா, கல்லின் அடிப்பகுதியில் கம்போடு ஒட்டப் பயன்பட்ட பிசினோ காவியோ ஒட்டியிருக்கிறதா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கத்து பான் என்னும் இடத்தில் கிடைத்த கற்கள் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈட்டி முனைகள் என்று ஜெய்ன் வில்கின்ஸ் குழுவினர் 2012-இல் அறிவித்தபோது உலகமே வியந்தது. இரண்டே ஆண்டுகளில் வீர்லே ராட்ஸ், ஹியூக் பிளிசோன் ஆகிய இருவரும் அந்த முறிவுகளை வேறு விதமாகவும் விளக்கலாம் என்று மறுத்து எழுதினார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவரை அந்தத் தேதியைப் பாடநூலில் உறுதியான செய்தியாக அச்சிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பெரிய மீனுக்கு இரும்பு மண்டா (கயிறு கட்டிய எறியீட்டி) எறிந்த முதியவர்கள் இருந்தார்கள். இரும்பு இல்லாத காலத்தில், நெருப்பில் வாட்டிக் கூராக்கிய கம்பே போதாதா? எளிதில் உடைந்துபோகும் கல்லை எதற்காக மெனக்கெட்டுக் கட்டினார்கள்?
— மண்டபத்திலிருந்து ஒரு மீனவர்

பதில்: வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையது, ஆய்வாளர்களும் இதே கேள்வியில்தான் பல ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். கம்பு போதும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜெர்மனியின் ஷோனிங்கன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1990-களில் குதிரை எலும்புகளோடு கிடைத்த மர ஈட்டிகள் 2 முதல் 3 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் கல்லே கிடையாது. இலண்டனைச் சேர்ந்த அன்னெமீக்க மில்க்ஸ், அந்த ஈட்டிகளின் படிகளைச் செய்து, பயிற்சி பெற்ற ஈட்டி எறிதல் வீரர்களின் கையில் கொடுத்தார். 20 மீட்டர் தொலைவிலும் அவர்கள் இலக்கை அடித்தார்கள் என்பதும், அந்தத் தொலைவிலும் விலங்கைக் கொல்லத்தக்க விசை அந்த ஈட்டிகளுக்கு இருந்தது என்பதும் 2019-இல் வெளியான முடிவு. வெறும் மர ஈட்டி கைக்கெட்டும் தூரத்தில் குத்துவதற்கு மட்டுமே உதவும் என்று அதுவரை எழுதிவந்தவர்கள், பெரும்பாலும் ஈட்டி எறியத் தெரியாதவர்களின் எறிதலை வைத்துக்கொண்டு அப்படி எழுதினார்கள். எறியத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது கடற்கரையில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் கல் எதற்கு? அமெரிக்காவின் நிக்கோல் வாகெஸ்பாக் குழுவினர், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொழில்நுட்பக் குழுவையும் சேர்த்துக்கொண்டு, தோல் போர்த்திய ஜெலட்டின் கட்டியின்மீது இருவகை அம்புகளையும் எய்து பார்த்து 2009-இல் எழுதினார்கள். கல்முனை அம்பு, மரமுனை அம்பைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே கூடுதலாக உள்ளே சென்றது. இவ்வளவு சிறிய இலாபத்துக்காக நல்ல கல்லைத் தேடி நடந்து, செதுக்கி, பிசின் காய்ச்சி, கட்டி உழைத்திருப்பார்களா என்று அவர்கள் ஐயம் எழுப்பினார்கள். கல்முனை ஒரு பெருமைக்காகவும் இருந்திருக்கலாம் என்ற அளவுக்குப் போனார்கள். எனக்கு அந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. 2014-இல் வில்கின்ஸ் குழு, விசையை அளந்து செலுத்தும் குறுக்கு வில்லைக் கொண்டு ஈட்டிகளைச் செலுத்திப் பார்த்தபோது, ஆழத்தில் கல்முனை முந்தவில்லை. ஆனால் உள்ளே அது கிழித்துச் சென்ற குழி மரமுனை உண்டாக்கியதைவிடக் கணிசமாகப் பெரியதாக இருந்தது. மரமுனை தசையை விலக்கிக்கொண்டு நுழைகிறது. கல்லின் ஓரம் அதை அறுத்துக்கொண்டு நுழைகிறது. அறுபட்ட குருதிக்குழாய் எளிதில் அடைபடாது.

உங்கள் மண்டாவிலிருந்தே இதை விளங்கிக்கொள்ளலாம். கயிறு கட்டிய மண்டாவுக்கு, குத்தியபின் மீனைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்வதே முதல் வேலை. மீன் களைத்துப்போகும்வரை கயிறு கையில் இருக்கிறது. தரையில் ஓடும் மானின் உடலில் தைத்த ஈட்டிக்குக் கயிறு கிடையாது. அந்த மான் அதிகத் தொலைவு ஓடாமல் விழ வேண்டும், விழுமிடம்வரை குருதித் தடம் தொடர வேண்டும். இந்த வேலைக்குத் துளையின் ஆழத்தைவிட வெட்டின் அகலமே உதவும். கலிபோர்னியாவின் யாகி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியிடம் வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர், மான்தோல் போர்த்திய ஈரலின்மீது எய்து பார்த்து, இஷியின் எரிமலைக் கண்ணாடி முனைகள் எஃகு முனைகளைவிட நன்றாக ஊடுருவின என்று 1923-இலேயே பதிவு செய்திருக்கிறார். ஆகவே இரும்பு வந்ததும் கல் தோற்றது கூர்மையில் என்று எண்ண வேண்டாம். உடையாமையிலும் மீண்டும் தீட்டிக்கொள்ளும் வசதியிலும்தான் இரும்பு வென்றது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஆயுதத்தில் கல்தான் விலை குறைந்த உறுப்பு. பழகிய கைக்கு ஒரு சிறு முனையைச் செதுக்கச் சில நிமிடங்கள் போதும். நேரான, கனம் சீரான, வளையாமல் உலர்ந்த தண்டு ஒன்றைத் தேர்ந்து நிமிர்த்தி வழவழப்பாக்க நாள்கணக்கில் ஆகும். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓட்ஸி என்னும் மனிதரின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன; அவற்றில் முனை பொருத்தி முழுமையாக முடிக்கப்பட்டவை இரண்டே. மற்றவை வேலை முடியாத தண்டுகள். அவரைக் கொன்றதும் ஒரு கல்முனை அம்புதான். இடத்தோளில் தங்கியிருந்த அதன் முனையை 2001-இல் எக்ஸ்ரே படத்தில்தான் கண்டார்கள்.

கேள்வி: உயிருள்ள விலங்கின்மீது எய்யாமல் செய்யும் பரிசோதனை எப்படி உண்மையாகும்? ஜெலட்டின் ஓடுவதில்லையே!
— இராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: ஓடுவதில்லை, அதற்கு விலா எலும்பும் பயமும் கிடையாது. அதனாலேயே ஒவ்வொரு எய்தலும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டு முனைகளை நியாயமாக ஒப்பிட முடியும். எந்திரத்தால் செலுத்தும் பரிசோதனை, கல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு ஏற்றது. மனிதர் எறியும் பரிசோதனை, வேட்டையைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு ஏற்றது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் சண்டை மூள்கிறது.

வட அமெரிக்காவின் சுமார் 13,000 ஆண்டுப் பழமையான குளோவிஸ் முனைகளைப் பற்றிய விவாதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவை மாமத் யானையைக் கொன்றிருக்குமா என்று அறிய, பண்ணைக்காரராகவும் வேட்டைக்காரராகவும் வளர்ந்து தொல்லியலுக்கு வந்த ஜார்ஜ் ஃபிரிசன், ஜிம்பாப்வேயில் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் சுடப்பட்ட யானைகளின்மீது தாம் செய்த முனைகளை எறிகோலால் (ஈட்டியை உந்தி எறிய உதவும் கோல்) செலுத்திப் பார்த்து, கொல்லத்தக்க காயம் உண்டாகும் என்று 1989-இல் எழுதினார். மெட்டின் எரென் குழுவினர் அளவைகளையும் பரிசோதனைகளையும் கொண்டு, அத்தனை அகலமான முனை தடித்த தோலைத் துளைத்து ஆழமாகச் செல்வது கடினம் என்று 2021-இல் மறுத்தார்கள். ஸ்காட் பைரம் உள்ளிட்ட பெர்க்லி ஆய்வாளர்களோ 2024-இல் மூன்றாவது வழியைக் காட்டினார்கள்: எறிந்திருக்கவே வேண்டாம், அடிக்கம்பைத் தரையில் ஊன்றிச் சாய்த்துப் பிடித்தால், பாய்ந்து வரும் விலங்கின் எடையே வேலையைச் செய்துவிடும். இம்மூன்றும் இது நடக்கக்கூடியதே என்று காட்டும் சான்றுகள். நடந்ததற்கான சான்று எலும்பில் தைத்த முனையிலிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: கல்லைக் கம்போடு எதனால் ஒட்டினார்கள்? நம் ஊர் வேலம்பிசின் போதுமா?
— தேவிபட்டினத்திலிருந்து ஓர் இல்லத்தரசி

பதில்: ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் தென்னாப்பிரிக்காவின் லின் வாட்லி எடுத்துக்கொண்டார். சிபுடு குகையில் கிடைத்த, சுமார் 70,000 ஆண்டுகள் பழமையான கற்களின் அடியில் செடிப் பிசினும் செங்காவியும் கலந்து ஒட்டியிருந்தன. காவி அழகுக்கா, பயனுக்கா என்று அறிய, வேல மர இனத்தின் பிசினைத் தனியாகவும் காவிப்பொடி கலந்தும் தேன்மெழுகு கலந்தும் காய்ச்சிப் பார்த்து, 2009-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். தனிப் பிசின் உலர்ந்தால் கண்ணாடிபோல் நொறுங்குகிறது. ஈரக் காற்று பட்டால் நீரை உறிஞ்சி இளகுகிறது. காவி கலந்தது அவ்வளவு எளிதில் இளகுவதில்லை, அடியையும் தாங்குகிறது. ஆனால் அளவு முக்கியம், நெருப்பும் முக்கியம். கொதித்துவிட்டால் உள்ளே காற்றுக்குமிழ்கள் தங்கி, பிடிப்பு போய்விடும். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் பிசின் மாறுவதால், மனப்பாடமான அளவு எதுவும் பயன்படாது. பதம் பார்த்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இதைச் செய்தவர்கள் பல பொருள்களின் தன்மையை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணக்கூடியவர்கள் என்பது வாட்லியின் வாதம்; பாகு காய்ச்சிய எவரும் அதை மறுக்கமாட்டார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை: தேவிபட்டினத்துக் கடற்காற்றில் வெறும் வேலம்பிசின் நிற்காது. அதன்மேல் தசைநாணையோ பனைநாரையோ இறுக்கிச் சுற்றி, காவியும் கொஞ்சம் மெழுகும் சேர்த்தால் நிற்கும். செய்து பார்க்க விரும்புவோர் கருவேலம், வெள்வேலம், உடைமரம் ஆகியவற்றின் பிசினையே நாடுக. இன்று மாவட்டம் முழுவதும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது என்பதால், கற்காலப் பரிசோதனையில் அதற்கு இடமில்லை.

கேள்வி: எங்கள் கரையில் இத்தகைய கற்கள் உண்டா? இலங்கையில் கிடைத்தவற்றுக்கும் நம்முடையவற்றுக்கும் உறவு உண்டா?
— சாயல்குடியிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் இரு வாசகர்கள்

பதில்: உங்களுக்குத் தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் செம்மணல் தேரிகள் இந்திய நுண்கற்கருவி ஆய்வில் புகழ்பெற்றவை. இராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாயர்புரம் தேரியில் கற்கருவிகளைச் சேகரித்தார். ஃபிரெடரிக் சாய்னரும் பிரிஜெட் ஆல்ச்சினும் அவ்விடங்களை ஆராய்ந்து 1956-இல் எழுதிய கட்டுரையில், பழைய கடல்மட்டத்தைக் கணக்கிட்டு, அக்கருவிகள் சுமார் 6000 ஆண்டுகள் பழமையானவை என்று மதிப்பிட்டார்கள். செர்ட் என்னும் கெட்டியான கல், படிகக்கல் ஆகியவற்றில் செய்த பிறைவடிவச் சில்லுகளோடு, இருபுறமும் அழுத்திச் செதுக்கிய அழகிய முனைகளும் அங்கே கிடைத்தன. இலங்கையிலும் அவ்வகை முனைகள் கிடைத்திருப்பதை அவர்கள் அப்போதே சுட்டினார்கள்.

இந்த உறவில் வியப்பில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதியோ 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. மண்டபத்திலிருந்து மன்னாருக்கு அன்று நடந்தே போகலாம். நாம் இன்று கடற்கரை என்று அழைப்பது அன்றைக்கு உள்நாடு. அன்றைய கரையோர வேட்டைக்காரர்களின் தங்குமிடங்கள் பல இப்போது வலை வீசும் இடங்களின் அடியில் இருக்கக்கூடும். இராமேசுவரம் தீவின் பவளப்பாறை செதுக்கத் தகாதது என்பதால், இங்கே நடமாடியவர்கள் கல்லை உள்நாட்டிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

வேட்டைக்குக் கல்முனைதான் வேண்டும் என்பதில்லை என்பதை இலங்கையே காட்டுகிறது. களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையில் நுண்கற்கருவிகள் ஏராளமாக இருந்தும், சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்பு முனைகள் என்று மிஷல் லாங்லி குழுவினர் 2020-இல் அடையாளம் கண்டவை எலும்பால் ஆனவை. அங்கே உண்ணப்பட்ட விலங்குகளில் குரங்குகளும் அணில்களுமே மிகுதி. மரக்கிளையில் தாவும் அணிலை ஈட்டியால் எறிந்து வீழ்த்துவது எளிதல்ல என்பதால், வில்லென்ற முடிவுக்கு முனையின் தேய்மானத்தோடு உணவின் வகையும் துணைநிற்கிறது. பிரான்சின் மான்ட்ரின் குகையில் 54,000 ஆண்டுப் பழமையான மிகச் சிறிய கல்முனைகளைப் படியெடுத்து எய்து பார்த்தவர்களும் 2023-இல் இதே வழியில் வாதிட்டார்கள்: அவ்வளவு சிறிய, இலேசான முனைக்கு ஈட்டியின் கனத்தைவிட அம்பின் வேகமே பொருந்துகிறது.

கேள்வி: மறவர் சீமையின் வளரியும் கற்காலத்து ஆயுதமா?
— தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நமக்குத் தெரிந்த வளரிகள் மரத்தாலும் இரும்பாலும் தந்தத்தாலும் ஆனவை, அது குத்துவதில்லை, அடித்து வீழ்த்துகிறது. எனவே இந்தப் பகுதியின் பொருளுக்குள் அது வராது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவே தமக்குக் கற்றுத்தந்ததாகவும், 100 கஜத்துக்குள் அது குறி தவறாது என்றும் எழுதியிருக்கிறார். நம் பல்கலைக்கழகம் ஒன்று வளரியை அளந்து எறிந்து ஒரு பரிசோதனை செய்தால் முதல் ஆளாகப் பார்க்க வருவேன்.

கேள்வி: பள்ளியில் மாணவர்களைக் கொண்டு கல்முனை செய்து பார்க்கலாமா?
— பெரியபட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: செய்யலாம், சில நிபந்தனைகளோடு. நல்ல கல் கிடைக்காத உங்கள் பகுதியில் தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகம் போதும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் அந்தமான் மக்களும் கண்ணாடி கிடைத்ததும் அதைக் கல்லைப் போலவே செதுக்கினார்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தோலுறையும் கட்டாயம். படிகக்கல்லைச் செதுக்கினால் திறந்த வெளியில், காற்று முதுகிலிருந்து வீசும்படி அமர வேண்டும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை இழைக்கும் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது இந்த வகைத் தூசுதான். இலக்குக்கு வைக்கோல் பொதியும் அதன்மேல் பழைய தோலும் போதும். எந்த உயிரின்மீதும், ஓணானாக இருந்தாலும், எறியக் கூடாது. ஓர் அணி கல்முனையோடும் மற்றோர் அணி வெறும் கூர்முனையோடும் ஒரே தொலைவிலிருந்து எறிந்து, சென்ற ஆழத்தையும் கிழிந்த அகலத்தையும் தனித்தனியே எழுதிவைக்கட்டும்.

தேரியிலோ கண்மாய்க் கரையிலோ பழைய கல் கண்ணில் பட்டால் அதை எடுக்காமல், இடத்தைக் குறித்துப் படமெடுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். நீங்கள் செதுக்கிய சில்லுகளைத் தார்ப்பாயில் சேர்த்து எடுத்துவிடுங்கள். படிகக்கல் சில்லு ஒன்று வெளியே கிடந்தால், பின்னாளில் அங்கே வரும் ஆய்வாளர் உங்கள் எட்டாம் வகுப்பைக் கற்காலத்தில் சேர்த்துவிடுவார்.